கட்டுப்படியாகும் விலையில் உறுதியான மாடுலர் கிச்சன்: தேர்ந்தெடுப்பது எப்படி?

மாடுலர் கிச்சன் கடைக்குள் நுழைந்தவுடன் நம் கண்ணை இழுப்பவை கதவுகளின் நிறமும் பளபளப்பும்தான். ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து அந்தச் சமையலறை திடமாக நிற்குமா, ஊதிப் பிளந்து கிடக்குமா என்பதைத் தீர்மானிப்பவை கதவுக்குப் பின்னால் இருக்கும் பலகை, அந்தப் பலகையின் வெட்டு விளிம்பை மூடிய பட்டை, கதவைத் தாங்கும் கீல், சிங்க்குக்கு அடியிலுள்ள அறை ஆகியவையே. எங்கள் வீட்டில் முதலில் போட்ட சமையலறையின் கதவுகள் ஆறாம் ஆண்டிலும் புதிதுபோல மின்னின; ஆனால் சிங்க் அடியிலிருந்த பெட்டியின் தரைப்பலகை தண்ணீர் குடித்து, ஊறிய ரொட்டிபோல உப்பிவிட்டது. கீலின் திருகாணிகள் பிடிமானம் இழந்து, கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. கதவுக்குக் கொடுத்த பணத்தில் பாதியை உள்பெட்டிக்குக் கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. இரண்டாம் முறை அதே இடத்தில் சமையலறை அமைத்தபோது கற்றுக்கொண்டவற்றையும், தச்சர்களிடமும் பொருத்துநர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

கடைக்காரர் அளவெடுக்க வருவதற்கு முன்பே, இப்போதுள்ள சமையலறையிலிருக்கும் பாத்திரங்களையும் சாமான்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தினமும் எடுப்பவை, வாரம் ஒருமுறை எடுப்பவை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் இறங்குபவை என்று மூன்றாகப் பிரித்தாலே எத்தனை இழுப்பறை வேண்டும், எத்தனை அலமாரி போதும், பரணுக்கு எவ்வளவு போகும் என்பது தெளிவாகிவிடும். கையோடு உயரமான சாமான்களின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இட்லிக் கொப்பரை, பெரிய குக்கர், எண்ணெய் டின், மிக்ஸி ஆகியவற்றின் உயரம் தெரியாமல் வரையப்படும் அலமாரியில், கடைசியில் மிக்ஸி மேடைமீதே நிற்கும். அலமாரியின் மேல்பாதி காற்று வாங்கும்.

நம் சமையலறைக்கே உரிய சில பாரங்களைக் கடைப்படங்கள் கணக்கில் எடுப்பதில்லை. 25 கிலோ அரிசி மூட்டையை வாங்கும் வீடு, அதை எங்கே வைக்கப்போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இழுப்பறை ஓடுவதற்குப் பக்கத்தில் பொருத்தும் உலோகத் தடமான சாதாரணச் சேனல் 30 அல்லது 35 கிலோ தாங்கும் என்று சொல்லப்பட்டாலும், தினமும் அந்த எல்லையிலேயே இழுத்து மூடினால் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அரிசிக்கு மேடைக்கு அடியில் தரையோடு ஒட்டிய, தரைப்பலகை இல்லாத ஓர் இடம் விட்டு, சக்கரம் வைத்த டிரம்மில் வைப்பது செலவில்லாத நல்ல வழி. வெட் கிரைண்டரும் அப்படித்தான். டேபிள்டாப் கிரைண்டரை ஒவ்வொரு முறையும் தூக்கி மேடையில் ஏற்றி இறக்குவது முதுகுக்கு ஆகாது. அதற்கென்று நிரந்தரமாக ஓரிடமும், பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட்டும், கழுவிய தண்ணீர் சிங்க்குக்கு ஓடும்படியான அருகாமையும் வேண்டும். முடிந்தால் அந்தப் பகுதியின் மேடையை மற்றப் பகுதியைவிட நான்கைந்து அங்குலம் தாழ்த்திவிடுங்கள். மாவைத் தள்ளிவிடவும் வழித்தெடுக்கவும் கை எளிதாகப் போகும்.

மேடையின் உயரம் பற்றிக் கடைக்காரர் பெரும்பாலும் கேட்கமாட்டார். தன் வழக்கமான அளவில் போட்டுவிடுவார். தினமும் அதிக நேரம் நின்று சமைப்பவர் யாரோ, அவரை வெறுங்காலுடனோ வீட்டுச் செருப்புடனோ நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. குறைத்தால் வருவதே காய் நறுக்கும் மேடையின் சரியான உயரம். ஐந்தடி ஓர் அங்குலம் உயரமுள்ள ஒருவருக்கு இது ஏறத்தாழ 33 அங்குலமாக வரும். இதில் பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. மேடையில் பதிக்கும் ஹாப் வகை அடுப்புக்கு இந்த உயரம் பொருந்தும். ஆனால் மேடைமீது வைக்கும் சாதாரண அடுப்பு தானே நான்கு அங்குலத்துக்கு மேல் உயரம் பிடிக்கும், அதன்மேல் குழம்புச் சட்டி ஏறினால் கிளறும் கை தோள்மட்டத்துக்குப் போய்விடும். எனவே பழைய அடுப்பையே தொடர்வதாக இருந்தால், அடுப்பு வரும் இடத்தில் மேடையை அந்த அளவுக்குத் தாழ்த்தச் சொல்லுங்கள். மேடைக் கல் போடும்போது இது சிறிய வேலை. கல் ஒட்டிய பிறகு செய்யவே முடியாத வேலை.

சமையல் எரிவாயு உருளைக்கும் இப்போதே இடம் முடிவாக வேண்டும். 14.2 கிலோ எரிவாயுவும் ஏறத்தாழ அதே எடையுள்ள இரும்புக் கூடுமாக, நிறைந்த உருளை 30 கிலோவை எட்டும். அதைப் பலகைமீது ஏற்றி இறக்கினால் பலகை தாங்காது. உருளை நிற்கும் அறைக்குத் தரைப்பலகையே வேண்டாம். தரை ஓட்டின்மேல் நேராக நிற்கட்டும், அடுப்பு எப்போதும் உருளையைவிட உயரத்தில் இருக்கட்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் கீழே தேங்கும். ஆகவே அந்த அறையின் கதவிலோ பக்கத்திலோ கீழ்ப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். மேலே மட்டும் அழகுக்காகத் துளை போட்டுத் தருகிறார்கள், அது போதாது. வீட்டுக்கு வெளியே உருளையை வைத்துச் செம்புக் குழாய் வழியாகக் கொண்டுவர வசதியிருந்தால் அதுவே மேல். அதையும் கேபினட் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

உள்பெட்டி: பணத்தைப் போட வேண்டிய இடம்

கடைக்காரர்கள் கார்கஸ் என்று சொல்லும் உள்பெட்டி எந்தப் பலகையால் செய்யப்படுகிறது என்பதே விலையையும் ஆயுளையும் பிரிக்கும் முதல் கேள்வி. மிக மலிவான திட்டங்களில் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு வரும். இருபுறமும் பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருப்பதால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். படுக்கையறை அலமாரிக்கு அது போதும். தண்ணீர் சிந்தும் சமையலறையின் கீழ்வரிசைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும் நீர் பட்டால் ஊதும். எச்.டி.எச்.எம்.ஆர். என்று விற்கப்படும் அடர்த்தி கூடிய, ஈரம் தாங்கும் பலகை இவற்றைவிட எவ்வளவோ தேவலாம். திருகாணியை நன்றாகப் பிடிக்கும், மட்டமாக இருக்கும், சுவர் அலமாரிகளுக்கும் கதவுகளுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஈரம் தாங்குவது வேறு, நீரில் ஊறினாலும் கெடாதது வேறு என்பதை மறக்கக்கூடாது.

கீழ்வரிசைக்கு ஏற்றது பி.டபிள்யூ.பி. எனப்படும், கொதிநீரும் பிரிக்க முடியாத பிளைவுட். இந்தியத் தர நிர்ணயத்தில் மெரைன் பிளைவுட்டுக்கு உரிய எண் ஐ.எஸ். 710. அந்தத் தரத்தின்படி பிளைவுட் துண்டை 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டாலும் அதன் அடுக்குகள் பிரியக்கூடாது. பலகையின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அந்த எண்ணும் உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். "மெரைன் பிளை" என்று வாயால் சொல்வதும் "710 கிரேடு" என்று கையால் எழுதித் தருவதும் முத்திரைக்கு ஈடாகாது. பலகை வெட்டப்பட்ட பிறகு முத்திரை எந்தத் துண்டில் போனதென்று தெரியாமல் போகும் என்பதால், வெட்டுவதற்கு முன் பட்டறைக்கு நேரில் போய்ப் பார்ப்பதோ, முழுப்பலகையின் படத்தை அனுப்பச் சொல்வதோ நல்லது. சந்தேகமிருந்தால் வெட்டில் மிஞ்சிய ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, வீட்டில் நாலைந்து மணி நேரம் கொதிக்க வையுங்கள். முழுச் சோதனைக்கு அது ஈடில்லை என்றாலும், ஓரளவு ஈரம் மட்டுமே தாங்கும் சாதாரண எம்.ஆர். பிளைவுட்டை மெரைன் என்று தந்திருந்தால் அதன் அடுக்குகள் வாய்பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் இரண்டாம் முறையில் நான் கேட்ட துண்டைப் பட்டறைக்காரர் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு செயலே அவர்மீது எனக்கு நம்பிக்கையை உண்டாக்கியது.

எல்லா இடத்துக்கும் இந்த உயர்ந்த பலகையைப் போட வேண்டியதில்லை என்பதே சிக்கனத்தின் முதல் வழி. மேடைக்குக் கீழுள்ள வரிசைக்கு ஐ.எஸ். 710, சுவரில் தொங்கும் அலமாரிகளுக்கு அதற்கு அடுத்த தரம், பரணுக்கு அதனினும் எளியது. இப்படிப் பிரித்துக் கேட்டால் கடைக்காரர் விலையையும் பிரித்தே தர வேண்டிவரும். நம் ஊர் வீடுகளில் பரண் பெரும்பாலும் கான்கிரீட்டில் கட்டும்போதே வந்துவிடுகிறது. அதற்குள் மறுபடி ஒரு பலகைப்பெட்டி செய்து செருகுவது வீண். முன்னால் ஒரு சட்டமும் கதவுகளும் மட்டும் போதும்.

பெட்டியின் பக்கப்பலகைகள் 18 மி.மீ. தடிமன் இருக்கட்டும். 16 மி.மீ. போட்டு விலையைக் குறைப்பது உண்டு; சுவர் அலமாரிக்குப் பரவாயில்லை, கருங்கல் மேடையைத் தாங்கும் கீழ்வரிசைக்கு வேண்டாம். பின்பலகை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். சிலர் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டுச் சுவரையே பின்புறமாகக் காட்டுவார்கள். சுவரின் ஈரமும் கரப்பான் பூச்சியும் அதன் வழியே நேராகப் பாத்திரத்துக்கு வரும்.

பலகைக்கு அடுத்தபடியாக நான் மிகவும் வற்புறுத்துவது விளிம்புப் பட்டையை. எவ்வளவு நல்ல பலகையானாலும் தண்ணீர் நுழையும் வாசல் அதன் வெட்டு விளிம்புதான். பட்டறையில் இயந்திரத்தில் சூடான பசையுடன் ஒட்டப்படும் பி.வி.சி. பட்டை, கதவுகளுக்கு 2 மி.மீ., உள்பலகைகளுக்கு 0.8 மி.மீ. என்பது நல்ல வழக்கம். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் பெட்டியின் கீழ் இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்துவிட்டு, உள்ளே கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். பின்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் பட்டை ஒட்டாமல் பலகை வெறுமையாக இருந்தால், அந்த நிறுவனத்தின் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். சிங்க்குக்கும் குழாய்க்கும் வெட்டிய துளைகளின் ஓரங்களையும் பாருங்கள். அவற்றுக்குப் பட்டை ஒட்ட முடியாது, ஆனால் சிலிகான் பசையாலோ வார்னிஷாலோ அடைத்திருக்க வேண்டும்.

சிங்க் அடியிலுள்ள பெட்டியை மட்டும் தனியாக நினையுங்கள். அங்கே என்றாவது ஒருநாள் குழாய் ஒழுகியே தீரும். பி.வி.சி. பலகையாலோ, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகையாலோ அந்த ஒரு பெட்டியைச் செய்தால் கூடுதல் செலவு சிறிது. தண்ணீராலும் கரையானாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பலகைகள் திருகாணியைப் பிளைவுட் அளவுக்கு இறுகப் பிடிப்பதில்லை என்பதாலும், நீண்ட அலமாரியில் நடுவே தொய்வதாலும், முழுச் சமையலறைக்கும் அவற்றை நான் விரும்பவில்லை.

கடப்பா கல்லில் ஒரு மாற்றுவழி

பெட்டியே பலகையால் செய்யாமல், கடப்பா கல் பலகைகளையோ, கம்பிவலையில் சிமெண்ட் பூசி வார்த்த ஃபெரோசிமெண்ட் பலகைகளையோ நிறுத்தி அறைகள் பிரித்து, முன்னால் சட்டமும் கதவும் மட்டும் போடுவது நம் கொத்தனார்களுக்குப் பழகிய பழைய முறை. மாடுலர் கிச்சன் என்ற பெயர் வந்த பிறகு இதைப் பழையது என்று பலர் ஒதுக்குகிறார்கள். தரைத்தளத்தில், அதுவும் மழைநீர் உள்ளே வரக்கூடிய இடத்தில் குடியிருப்பவர்கள் இதைத்தான் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய தரைத்தள வீடுகளில் பலகைப்பெட்டிகள் ஊறிக் கெட்டன. கல் அறைகளைக் கழுவி மீண்டும் பயன்படுத்த முடிந்தது. கரையான் தொல்லையுள்ள ஊர்களுக்கும் இது பொருந்தும்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். கல் அறைக்குள் நேராக இழுப்பறைச் சேனலைத் திருக முடியாது; பக்கங்களில் பிளைவுட் பட்டைகளைப் பொருத்தி அதன்மேல்தான் சேனல் வரும். கொத்தனார் அறைகளைச் சதுரமாகவும் ஒரே அளவாகவும் நிறுத்தாவிட்டால் கதவுகளுக்கிடையே இடைவெளி கோணலாகத் தெரியும். ஆகையால் கல் நிறுத்துவதற்கு முன்பே கதவு செய்பவரை வரவழைத்து, எந்த அறையில் இழுப்பறைக் கூடை, எந்த அறையில் வெறும் தட்டு என்று அளவோடு சுவரில் கோடு போட்டுவிட வேண்டும். கொத்தனாரையும் தச்சரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்க வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போக முடியாது என்பது உண்மைதான். ஆனால் பலகைப்பெட்டியையும் யாரும் எளிதில் கழற்றிக்கொண்டு போய் வேறு வீட்டில் பொருத்திவிடுவதில்லை.

கதவுகள்

கதவின் மேற்பரப்பில் மைக்கா என்று நாம் சொல்லும் 1 மி.மீ. லேமினேட்டே குடும்ப வீட்டுக்குப் போதுமானது. விலை குறைவு, கீறல் எளிதில் விழாது, சோப்புத் தண்ணீரில் துடைக்கலாம். அக்ரிலிக் கண்ணாடிபோல மின்னும், ஆனால் கீறலையும் கைரேகையையும் மறைக்காது. பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன் பெயிண்ட் அழகானது, ஓரத்தில் அடிபட்டால் பெயர்ந்துவிடும். அச்சில் வார்த்த வடிவங்களோடு வரும் மெம்பிரேன் கதவுகளின் பிளாஸ்டிக் தாள் அடுப்பருகே சூட்டில் சுருங்கிப் பிரிவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். பளபளப்பில்லாத, நடுத்தர நிற மைக்காவைத் தேர்ந்தெடுங்கள். மிச்சமாகும் பணம் கீல்களுக்குப் போகட்டும்.

கீல், சேனல், கூடை

ஹெட்டிக், புளூம், ஹேஃபல், எப்கோ போன்ற பெயர்களைக் கடைக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். பெயரை மட்டும் கேட்டுத் திருப்தியடையக்கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் பல விலைகளில் பல வரிசைகள் விற்கிறது. எந்த வரிசை, கதவை அடிக்காமல் மெல்ல மூடவைக்கும் சாஃப்ட் குளோஸ் கீலுக்குள்ளேயே இருக்கிறதா, சேனல் எத்தனை கிலோ தாங்கும், உத்தரவாதம் எத்தனை ஆண்டு ஆகியவற்றை மதிப்பீட்டில் எழுத்தில் வாங்குங்கள். கீலில் நிறுவனத்தின் பெயர் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பொருத்தும் நாளில் நாலைந்து கீல்களையாவது அப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்த இடத்துக்கு இழுப்பறை என்பதில் கைச்சிக்கனம் தேவை. சாதாரணத் தட்டு வைத்த அலமாரியைவிட இழுப்பறை பல மடங்கு விலை. ஆனால் கீழ்வரிசையில் குனிந்து இருட்டில் தேடுவதற்கு மாற்றாகப் பாத்திரம் தானே வெளியே வருவது அன்றாட வசதி. அடுப்புக்கு இருபுறமும் மூன்றடுக்கு இழுப்பறைகளாக ஒன்றோ இரண்டோ போட்டால் ஒரு குடும்பத்துக்குப் போதும். மேலடுக்கு கரண்டிகளுக்கு 4 அங்குலம், நடுவடுக்கு தட்டு, டம்ளர்களுக்கு 6 முதல் 8 அங்குலம், அடியடுக்கு குக்கருக்கும் சட்டிக்கும் மீதியுள்ள உயரம். மற்றவை வெறும் தட்டுகளாக இருக்கலாம். மூலையிலிருந்து சுழன்று வெளியே வரும் இயந்திர அலமாரிக்கும், எண்ணெய்ப் புட்டிகளுக்கான ஒல்லியான இழுப்புக் கூடைக்கும், உயரமான இழுப்பு அலமாரிக்கும் ஆகும் செலவு மிகப் பெரிது. அவற்றில் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. மூலையில் ஒரு தட்டு போட்டு, ஆண்டுக்கு இருமுறை எடுக்கும் பெரிய பாத்திரங்களை வைத்துவிடுங்கள்.

கம்பிக்கூடைகள் எவர்சில்வர் 304 தரமா என்று கேட்பவர்களிடம் கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டவில்லை பாருங்கள்" என்பார். இந்தச் சோதனை பயனற்றது. விலை குறைந்த 202 தரமும் காந்தத்தில் ஒட்டாது. 304 எஃகில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். கடற்காற்று வீசும் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் இந்த வேறுபாடு ஓரிரு ஆண்டுகளில் துருப்புள்ளிகளாகத் தெரிந்துவிடும். சொட்டு மருந்து போன்ற ஒரு திரவத்தை விட்டு நிறமாற்றம் பார்க்கும் சோதனைக் குப்பி பாத்திரக் கடைகளிலும் எஃகு வியாபாரிகளிடமும் இருக்கும். அதை வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மேடைக் கல், சிங்க், சிம்னி

மேடைக்குக் கிரானைட்டே நம் சமையலுக்கு ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. மஞ்சள் கறை தங்காது. அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியை நேராக வைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. குவார்ட்ஸ் என்ற பெயரில் வருவது கல்தூளைப் பிசினால் பிணைத்துச் செய்தது; பிசின் கடுஞ்சூட்டைத் தாங்காது, வெளிர்நிறக் குவார்ட்ஸில் மஞ்சள் கறையும் ஏறும். மார்பிளைச் சமையலறைக்கு நினைக்கவே வேண்டாம். புளியும் எலுமிச்சையும் அதை அரித்துவிடும். கிரானைட்டிலும் சிக்கனம் உண்டு. ஆந்திரத்தின் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி போன்ற பேர்போன கற்களுக்குப் பதில், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்கடைகளில் சிறு அளவில் மிஞ்சிய பலகைகளைத் தேடினால் ஒரு மேடைக்குத் தேவையான கல் விலை குறைவாகவே கிடைக்கும். கல்லின் முன்விளிம்பின் அடிப்பக்கத்தில் மெல்லிய ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அந்தக் காடியில் தடைபட்டுத் தரையில் சொட்டும், கதவின் மேல் விளிம்பில் இறங்காது. கூலி அதிகமில்லாத இந்தச் சிறு வேலை கதவுகளின் ஆயுளைக் கூட்டுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சிங்க்கில் இரண்டு சிறு தொட்டிகளைவிட ஒரே பெரிய தொட்டி நம் குக்கருக்கும் இட்லித் தட்டுக்கும் வசதி. 24 அங்குல நீளமும் 9 அங்குல ஆழமும் இருந்தால் நல்லது. சிம்னி வாங்குவதாயின், அடுப்புக்கு மேல் 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் அது வரும்படியும், புகைக்குழாய் கூடியவரை நேராகவும் குட்டையாகவும் வெளிச்சுவருக்குப் போகும்படியும் இடம் பாருங்கள். ஒவ்வொரு வளைவும் இழுவிசையைக் குறைக்கும். குழாய் இல்லாமல் உள்ளேயே காற்றைச் சுற்றிவிடும் வகை தாளிப்பின் நெடியை வெளியேற்றாது. அதைவிட நல்ல எக்ஸாஸ்ட் விசிறி பயனுள்ளது. அடுப்பு, சிங்க், சிம்னி ஆகிய மூன்றையும் கேபினட் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே மாடல் எண்ணோடு முடிவு செய்து, அவற்றின் அளவுத்தாளைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். வெட்டிய பிறகு சிங்க்கை மாற்றினால் மேடைக்கல்லையே மாற்ற வேண்டியிருக்கும்.

விலை மதிப்பீட்டைப் படிப்பது எப்படி

இரண்டு கடைகளின் மதிப்பீட்டை ஒப்பிடுவதற்கு முன், இருவரும் ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் நீளத்தை மட்டும் அளந்து ஓட்ட அடிக்கு விலை சொல்வார், இன்னொருவர் சதுர அடிக்குச் சொல்வார். சதுர அடியிலும் ஒருவர் கதவின் முகப்பை மட்டும் அளப்பார், இன்னொருவர் தரையிலிருந்து மேடையின் மேல்மட்டம் வரை அளப்பார். 10 அடியும் 8 அடியும் உள்ள இரண்டு சுவர்களில் எல் வடிவச் சமையலறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சுவர் முழுக்க அளந்தால் 18 அடி. ஆனால் மூலையிலுள்ள 2 அடி இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது, உண்மையில் 16 அடிதான். உயரத்தையும் தரையிலிருந்து 33 அங்குலம் என்று போட்டால் 2.75 அடி, கீழே கால்கள் நிற்கும் 4 அங்குலத்தையும் கல்லின் தடிமனையும் கழித்தால் பெட்டியின் உயரம் 28 அங்குலம், அதாவது 2.33 அடி. முதல் கணக்கில் 49.5 சதுர அடி வரும், இரண்டாம் கணக்கில் 37 சதுர அடியைச் சற்றே தாண்டும். சதுர அடி 1,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், கீழ்வரிசையில் மட்டும் ஏறத்தாழ 18,000 ரூபாய் வித்தியாசம். சதுர அடி விலையைக் குறைவாகச் சொல்பவரே முடிவில் அதிகமாக வாங்குவது இப்படித்தான்.

அதனால் மொத்தத் தொகையையே ஒப்பிடுங்கள். ஒரே வரைபடத்தை எல்லாக் கடைகளுக்கும் கொடுங்கள். மதிப்பீட்டில் பலகையின் தரமும் தடிமனும், மைக்காவின் தடிமன், விளிம்புப் பட்டை, கீலும் சேனலும் எந்த வரிசை, எத்தனை இழுப்பறை, எத்தனை கூடை, பின்பலகை, கால்கள், கைப்பிடிகள், போக்குவரத்து, பொருத்தும் கூலி, மின்வேலை, குழாய்வேலை, மேடைக்கல் இவற்றில் எவை சேர்ந்தவை, எவை சேராதவை என்று வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளடங்கியதா என்ற ஒரு கேள்வியைக் கேட்க மறந்தால், இரண்டு லட்ச ரூபாய் வேலையில் கடைசி நாளில் 36,000 ரூபாய் கூடுதலாக வந்து நிற்கும்.

கடையின் காட்சி அறையைவிட நம்பகமான சான்று ஒன்று உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர்கள் செய்து கொடுத்த ஒரு வீட்டைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். நல்ல வேலை செய்தவர்கள் வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்டு அழைத்துப் போவார்கள். அங்கே கதவுகளைப் பார்க்காமல், சிங்க் அடியைத் திறந்து பாருங்கள். சமைப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். பெரிய நிறுவனமா, ஊரிலுள்ள தச்சரா என்ற கேள்விக்கும் விடை அங்கேயே கிடைத்துவிடும். இயந்திரத்தில் வெட்டி இயந்திரத்திலேயே விளிம்பு ஒட்டித் தரும் சிறு பட்டறைகள் இப்போது கோயம்புத்தூர், மதுரை, திருச்சி போன்ற நகரங்களில் நிறைய உள்ளன. பெரிய விளம்பரச் செலவு இல்லாததால் அதே தரத்தைக் குறைந்த விலைக்குத் தர அவர்களால் முடிகிறது. வீட்டிலேயே உட்கார்ந்து கையால் மைக்கா ஒட்டும் தச்சரின் வேலையிலும் உறுதி இருக்கும், விளிம்பு மட்டும் இயந்திர வேலைக்கு நிகராகாது.

பொருத்தும் நாளும் அதற்குப் பின்னும்

முன்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். சரக்கு வீட்டுக்கு வந்து சரிபார்த்த பின் ஒரு பகுதி, எல்லாம் பொருத்தி முடித்து ஒரு வாரம் பயன்படுத்திய பின் குறைந்தது பத்தில் ஒரு பங்கு என்று ஆர்டர் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். சரக்கு இறங்கியதும், பொருத்தத் தொடங்குவதற்கு முன்பே, பலகைகளின் விளிம்பையும் கீல்களின் பெயரையும் பாருங்கள். பொருத்திய பிறகு குறை சொன்னால் "சரிசெய்துவிடலாம்" என்ற பதில் மட்டுமே மிஞ்சும். சுவர் அலமாரிகள் எந்தச் சுவரில் தொங்குகின்றன, அது செங்கல்லா, உள்ளீடற்ற கல்லா, அதற்கேற்ற போல்ட் போட்டிருக்கிறார்களா என்பதை நின்று கவனியுங்கள். எவர்சில்வர் சாமான் நிறைந்த அலமாரி தலைக்கு மேல் தொங்கும் பாரம்.

வேலை முடிந்தது என்று சொன்னவுடன் கையெழுத்துப் போடாமல், ஒவ்வோர் இழுப்பறையிலும் உண்மையான பாத்திரங்களை நிரப்பி இழுத்து மூடிப் பாருங்கள். வெறும் இழுப்பறை எல்லாம் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி, ஒரே வீச்சில் திறந்துவிட்டு, அடியில் டார்ச் அடித்துக் குழாய் இணைப்புகளைப் பாருங்கள். மேடையும் சுவரும் சேரும் கோட்டில் சிலிகான் எங்கும் விடுபடாமல் ஓடியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

ஒரு மாதம் கழித்துக் கதவுகள் சற்று இறங்கியிருக்கும். அது குறையன்று, கீல்களின் திருகாணியைத் திருப்பி மட்டம் செய்ய அவர்கள் ஒருமுறை வந்து போக வேண்டும் என்பதையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கதவில் ஒட்டிய மைக்காவின் நிறுவனப் பெயரையும் எண்ணையும் குறித்து, மிச்சமான ஒரு முழுத் துண்டையும் நான்கு கீல்களையும் கேட்டு வாங்கிப் பரணில் வைத்துவிடுங்கள். எட்டாம் ஆண்டில் ஒரே ஒரு கதவை மாற்ற நேரும்போது அந்த நிறம் சந்தையில் இருக்காது.